வெண்பனி எப்போது நீளும், எப்போது அறும்?

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், குளிர்காலத்தில் கூரையில் சேரும் வெண்பனி விளிம்பைத் தாண்டி நீண்டு, வளைந்து, சில வீடுகளில் சுவர்ப்பக்கமாகச் சுருண்டுகூடத் தொங்கும்; உடனே விழுந்துவிடாது. அதே பனியில் ஒரு துண்டை எடுத்து வெடுக்கென்று இழுத்தால் இரண்டாகிவிடும். எவ்வளவு பாரம் என்பதைவிட எவ்வளவு வேகம் என்பதே இங்கே பெரிய கேள்வி. காரணம் வெண்பனியின் அமைப்பில் இருக்கிறது. பனிக்கட்டி கன மீட்டருக்கு 917 கிலோ எடை. புதிதாகப் பெய்த வெண்பனியோ பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டாது. மீதி இடமெல்லாம் காற்று. துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் மட்டும் மெல்லிய கழுத்துபோல ஒட்டியிருக்கின்றன. இழுவிசை முழுவதையும் இந்தக் கழுத்துகளே தாங்க வேண்டும். உருகுநிலைக்குச் சில டிகிரி கீழேதான் இருப்பதால் அவை மெல்ல இழுத்தால் இளகி உருமாறும். ஒன்று அறுந்தால் பக்கத்தில் இன்னொன்று ஒட்டும். வேகமாக இழுத்தால் அதற்கு அவகாசமில்லை. ஆய்வகச் சோதனைகளில் நீள்வதற்கும் அறுவதற்கும் இடையிலான எல்லை, ஒரு மீட்டர் நீளப் பனியை நொடிக்கு ஒரு மில்லிமீட்டரோ அதில் பத்தில் ஒரு பங்கோ இழுக்கும் வேகத்தில் வருகிறது. ஆமைகூடத் தோற்காத வேகம்!

அப்படியானால் மலையில் பனிப்பாளம் சரியும்போது அதன் உச்சியில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு பிளவு தெரிகிறதே, பாரம் தாங்காமல் அங்கே அறுந்ததால்தானே சரிவு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் வரிசை தலைகீழ். பெரும்பாலான பாளச் சரிவுகளில் முதலில் உடைவது பாளத்துக்கு அடியில் புதைந்திருக்கும் பலவீனமான அடுக்கு. அது நொறுங்கி ஆதரவு போனதும், பாளத்தின் எடை நொடிப்பொழுதில் மேற்பகுதியை இழுக்கிறது. மெல்ல நீள நேரமில்லாமல் அங்கே முறிகிறது. சமதரையில் பனிச்சறுக்குபவரின் பாரத்தாலேயே தொலைவிலுள்ள சரிவு விழுவதுண்டு. இழுவிசையே இல்லாத இடத்தில் தொடங்கிய உடைவு அது. இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. ஈரமான புல்சரிவில் பனிப்போர்வை முழுவதும் மெதுவாக வழுக்கும்போது மேலே பிளவு வாய் திறக்கும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்து சரியாமலே போவதும் உண்டு. எப்போது சரியும் என்று கணிப்பது கடினம் என்பதால் அதன் கீழே நிற்பது முட்டாள்தனம். பனிமலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, பனி 'தொம்' என்று அமிழும் சத்தம் கேட்டாலோ, 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகள் பக்கம் போகாமல் திரும்பிவிடுங்கள்.