கண்டறியப்படாத முதுமை மறதி: அண்மைக்கால மருத்துவ ஆய்வுகளும் போளூர் வட்டார நெசவுக் குடும்பச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

முதுமை மறதிநோய் இந்தியக் கிராமப்புறங்களில் அரிது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்திலும் பிற நாடுகளிலும் நடைபெற்ற ஆய்வுகளும், அண்மையில் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வும் அக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியுள்ளன. நோய் குறைவாகத் தென்பட்டதற்கு அளவிடும் முறை ஒரு முக்கியக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. போளூர் வட்டாரப் பட்டு நெசவுக் குடும்பங்களின் சூழலுக்கு அம்முடிவுகள் எவ்வாறு பொருந்தும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முதுமை மறதி, அறிதிறன் சோதனை, நெசவுக் குடும்பம், போளூர், வீட்டுவழிப் பராமரிப்பு.

முன்னுரை

இந்தியாவில் முதியோர் விகிதம் மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடு கேரளத்திற்கு அடுத்த நிலையில் உள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில மக்களுள் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021இல் இது 13.6 விழுக்காடாகவும் 2031இல் 18.2 விழுக்காடாகவும் இருக்கும் என்பது அரசின் கணிப்பு. இம்மாற்றத்தோடு பெருகும் நோய்களுள் முதுமை மறதி தனித்தன்மை உடையது. காய்ச்சலையோ எலும்பு முறிவையோ நோயாளியே உணர்ந்து கூறுகிறார். மறதிநோயைப் பெரும்பாலும் பிறரே உணர்ந்து கூற வேண்டியிருக்கிறது. எனவே, உடன் வாழ்வோர் எதை நோயெனக் கருதுகின்றனர் என்பது மருத்துவ வினாவாக மட்டுமன்றிப் பண்பாட்டு வினாவாகவும் அமைகிறது.

கணியம்பாடி தரும் படிப்பினை

1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66 மறதிநோய் ஆய்வுக் குழு'வை உருவாக்கினர். மறதிநோயாளர்களுள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தபோதிலும், அந்நோய் குறித்த மக்கள்தொகை ஆய்வுகளுள் 10 விழுக்காட்டிற்கும் குறைவானவையே அந்நாடுகளில் நிகழ்ந்தன. குழுவின் பெயர் இந்த இடைவெளியைக் குறிக்கிறது. இக்குழு இந்தியாவில் சென்னையை நகர்ப்புறக் களமாகவும் வேலூரைக் கிராமப்புறக் களமாகவும் கொண்டது. வேலூர்க் களமான கணியம்பாடி, வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ளது. அங்கு 65 வயதைக் கடந்த ஆயிரம் பேர் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டனர்.

ஏழு நாடுகளில் ஏறத்தாழ 15,000 முதியோரிடம் பெற்ற முடிவுகள் 2008இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நான்காம் பதிப்பு வரையறையைக் கொண்டு கணக்கிட்டபோது, இந்தியக் கிராமப்புறத்தில் 0.3 விழுக்காட்டினருக்கே மறதிநோய் இருந்தது. ஆய்வுக் களங்கள் அனைத்திலும் இதுவே மிகக் குறைந்த அளவு. கல்வி வேறுபாட்டைக் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட 10/66 முறையில் அதே மக்களைக் கணக்கிட்டபோது, எல்லாக் களங்களிலும் நோயளவு 5.6 முதல் 11.7 விழுக்காடு வரை அமைந்தது. மக்கள் அதே மக்கள். அளவுகோல் மட்டுமே மாறியது.

இவ்வேறுபாட்டின் காரணம் வரையறையிலேயே அடங்கியுள்ளது. பழைய வரையறையின்படி, நினைவாற்றல் குறைந்திருப்பது மட்டும் போதாது. முன்பு செய்துவந்த செயல்களில் தளர்ச்சி நேர்ந்திருப்பதும் உறுதிப்பட வேண்டும். அத்தகவலை அளிப்பவர் மகனோ மருமகளோ ஆவார். வளர்ச்சி குறைந்த களங்களில் உறவினர்கள் இத்தளர்ச்சியைக் குறைவாகவே தெரிவித்தனர் என ஆய்வாளர்கள் சுட்டினர். முதியவரைப் பொறுப்புகளிலிருந்து விடுவித்துப் பேணும் குடும்பத்தில், அவர் தவறிழைக்கும் வாய்ப்பே அமைவதில்லை. பேணுதலே நோயை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

எழுத்தறிவும் சோதனை வினாக்களும்

அளவிடுதலில் மற்றொரு தடை எழுத்தறிவு. 1975இல் உருவான சுருக்க மனநிலைச் சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. ஒரு வாக்கியம் எழுதுதல், எழுதியுள்ள கட்டளையைப் படித்து அதன்படி செய்தல் ஆகியவை அதன் பகுதிகள். பள்ளி செல்லாத ஒருவர் இவற்றில் தோற்பதற்கு மறதி காரணமாக இருக்க வேண்டியதில்லை. அரியானாவின் பல்லப்கர் பகுதிக்காக உருவாக்கப்பட்டு 1995இல் வெளியான இந்தி மனநிலைச் சோதனை இவ்வினாக்களை மாற்றியது. வாக்கியம் எழுதுவதற்கு மாற்றாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் கூறுமாறு முதியவர் கேட்கப்பட்டார். படித்துச் செய்வதற்கு மாற்றாக, சோதிப்பவரின் முகத்தைப் பார்த்து அவர் செய்வதைச் செய்யுமாறு பணிக்கப்பட்டார்.

இம்மரபில் வந்த கருவிகளைக் கொண்டே இந்திய முதுமை குறித்த நெடுங்கால ஆய்வின் மறதிநோய்ப் பிரிவு நடைபெற்றது. அறுபது வயதைக் கடந்த நான்காயிரத்திற்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர். 2023இல் வெளியான முடிவின்படி, அறுபது வயதைக் கடந்த இந்தியர்களுள் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, மறதிநோய் உள்ளது. ஆண்களைவிடப் பெண்களிடமும் நகர்ப்புறத்தைவிடக் கிராமப்புறத்திலும் அது மிகுதி. கிராமப்புற அளவு 8.4 விழுக்காடு; நகர்ப்புற அளவு 5.3 விழுக்காடு. வயது வரம்பும் முறையும் வேறுபடுவதால் இவ்வெண்களை 2008ஆம் ஆண்டு முடிவுகளோடு நேரடியாக ஒப்பிடலாகாது. எனினும், கிராமம் இந்நோயிலிருந்து விலகி நிற்கிறது என்னும் கருத்துக்கு இனி இடமில்லை.

நெசவுக் குடும்பச் சூழல்

போளூர், ஆரணி வட்டாரங்களில் பட்டு நெசவு வீட்டோடு இணைந்த தொழிலாகும். தறிக்குழியில் ஒருவர் அமர்ந்தாலும் பாவு ஆயத்தம், தார் சுற்றுதல், அறுந்த இழை பிணைத்தல் எனப் பல பணிகளைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்கின்றனர். பார்வையும் முழங்காலும் தளர்ந்தவர் தறியை விட்டு இறங்கித் தார் சுற்றும் பணிக்கு மாறுவது இயல்பு. அப்பணி பல்லாண்டுப் பழக்கத்தால் கைக்கு வந்தது. பழக்கத்தில் ஊறிய கைத்திறன், புதிய செய்தியை நினைவில் நிறுத்தும் ஆற்றலைவிட நெடுநாள் நிலைத்திருப்பது மறதிநோயின் இயல்பு. ஆகவே, நாள்தோறும் தார் சுற்றும் ஒருவரிடம் நோய் தொடங்கியிருப்பது குடும்பத்தாருக்குப் புலப்படாமல் போகலாம்.

'வீட்டு வேலைகளைச் செய்கிறாரா?' என்னும் பொது வினா இங்குப் போதிய விடை தராது. புட்டா வரிசையை நினைவில் வைத்துத் தொடர முடிகிறதா, பெற்ற நூலையும் முன்பணத்தையும் கூலிக் கணக்கில் பொருத்திச் சொல்ல முடிகிறதா, அண்மையில் வந்த மாற்றத்தை மனத்தில் கொள்கிறாரா என்பன போன்ற வினாக்களே தளர்ச்சியை வெளிக்கொணரும். எனினும் அவை களத்தில் சோதித்துச் செம்மை செய்யப்பட வேண்டும். இழை பிணைக்க இயலாமைக்குக் கண்புரையும் காரணமாகலாம் என்பதால், பார்வைச் சோதனை முன்னதாக நிகழ வேண்டும்.

தமிழில் வழங்கும் பெயரும் கருதத்தக்கது. 'முதுமை மறதி' என்னும் தொடர் மறதியை முதுமையின் பகுதியாகவே காட்டுகிறது. 'வயசானா அப்படித்தான்' என்னும் வழக்குமொழிக்கு அது அரண் செய்கிறது. 'மறதிநோய்' என்னும் சொல், இது மருத்துவரிடம் காட்டத்தக்க நிலை என்பதை உணர்த்துகிறது.

கண்டறிதலின் பயன்

மறதிநோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லாதபோது கண்டறிவதால் என்ன பயன் என்னும் வினா எழலாம். இதற்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவதாக, மனச்சோர்வு, தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை மறதிநோய் போலவே தோன்றக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரண்டாவதாக, 2024இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை மாற்றத்தக்க 14 இடர்க்காரணிகளைப் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, செவித்திறன் இழப்பு, தனிமை ஆகியவற்றோடு பார்வை இழப்பும் அவற்றுள் புதிதாக இடம்பெற்றது. இவை அனைத்தையும் களைந்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவ்வறிக்கையின் மதிப்பீடு.

மூன்றாவது பயன் பராமரிப்போரைச் சார்ந்தது. கோவாவில் 81 குடும்பங்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று நோயின் இயல்பை விளக்கி, நோயாளியைக் கையாளும் வழிகளைக் கூறினர். ஆறு மாதங்களில் பராமரிப்போரின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. நோயாளியின் செயல்திறனில் அத்தகைய மாற்றம் நிகழவில்லை. இவ்வாறு வீடுவரை வரும் உதவியின் முதற்பயன் பராமரிப்பவரையே சேர்கிறது. நெசவுக் குடும்பங்களில் அவர் பெரும்பாலும் தறிவேலையையும் பகிர்ந்துகொள்ளும் பெண்.

உள்ள அமைப்புகளும் இடைவெளியும்

சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சிறப்பு மருத்துவத்திற்கு அது துணைபுரியும். ஆனால், நோய் இருப்பதையே அறியாத குடும்பம் அங்குச் செல்ல முற்படாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இவ்விடைவெளியை நிரப்பும் வாய்ப்புடையது. பெண் தன்னார்வலர்கள் உயர் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டிற்கே கொண்டு சேர்க்கின்றனர். இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இதில் அடங்கும். மாதந்தோறும் வாசலுக்கு வரும் இப்பணியாளர்கள் இரண்டு இடர்க்காரணிகளை ஏற்கெனவே கண்காணிக்கின்றனர். தொழிற்சூழலுக்கு இசைந்த சில அறிதிறன் வினாக்களையும் பார்வை, செவித்திறன் சோதனைகளையும் அதே வருகையில் இணைப்பது இயலக்கூடியதே. அதே வேளையில், கண்டறியப்பட்டவரை அனுப்புவதற்கான மருத்துவமனைத் தொடர்பும் பணியாளருக்கான பயிற்சியும் முன்கூட்டியே உறுதிப்பட வேண்டும். இவையின்றிக் கண்டறிவது குடும்பத்திற்கு அச்சத்தை மட்டுமே தரும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வுகள் மறதிநோயின் அளவு, கேட்கப்படும் வினாவையும் விடை கூறுபவரின் எதிர்பார்ப்பையும் சார்ந்திருப்பதைப் புலப்படுத்துகின்றன. கணியம்பாடியில் உழவுச் சூழலில் பெற்ற படிப்பினை, அதே சாலையில் உள்ள போளூரின் நெசவுச் சூழலில் இனி சோதிக்கப்பட வேண்டும். அதற்குத் தேவையான வினாநிரலை மருத்துவர் மட்டும் உருவாக்க இயலாது. வட்டார வழக்கையும் தொழிற்சொற்களையும் அறிந்த தமிழ் ஆய்வாளர்களுக்கும் அப்பணியில் இடமுண்டு.