30 கிராம் குறைந்தால் கார் ஏன் உதறுகிறது?

மணிக்கு 60 கிலோமீட்டர் வரை அலுங்காமல் ஓடும் கார், 90-ஐ நெருங்கியதும் உதறத் தொடங்குகிறது. பலரும் உடனே வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்கிறார்கள். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஓரம் தேயும். உதறலுக்குப் பெரும்பாலும் அது காரணமல்ல. சுழலும் ஏதோ ஒன்று எடைச் சமநிலை இழந்திருக்கிறது, அல்லது சீரான வட்டமாக இல்லை. அது எது என்பதை அதிர்வை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

முதல் சந்தேகம் சக்கரத்தின் மேல்தான். 15 அங்குல ரிம் உள்ள நடுத்தரக் காரின் சக்கரம், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 முறை சுழல்கிறது. பேலன்சிங் செய்தபோது ரிம்மில் பொருத்திய 30 கிராம் எடைத்துண்டு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிறு குறை, சக்கரத்தை ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு நொடிக்கு 15 தடவை உலுக்கும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 50 கி.மீ. வேகத்தில் கால் பங்குதான் இருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது குறை தெரியாமல் போவது இதனால்தான். ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்த சேறும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. சக்கரமும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்களும் இயல்பாகவே நொடிக்குச் சுமார் 10 முதல் 15 முறை அதிரக்கூடியவை. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் வீச்சு கூடுவதுபோல, சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணோடு ஒத்துப்போகும்போது உதறல் உச்சம் தொடுகிறது. சில கார்களில் அந்த வேகத்தைத் தாண்டியதும் நடுக்கம் குறைவதற்கு இந்த ஒத்ததிர்வே காரணம். குறை அப்படியேதான் இருக்கும்.

அடுத்து, நடுக்கம் எங்கே தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரம், இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம் என்று தேடத் தொடங்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை என்று சந்தேகிக்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் என்றால், முன்சக்கர இயக்கக் கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க மூட்டைப் பார்க்க வேண்டும். பின்சக்கர இயக்க வண்டிகளில் புரப்பெல்லர் ஷாஃப்ட், சக்கரத்தைப்போல மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வதால், அதன் கோளாறு உதறலாக இல்லாமல் ரீங்காரமாகவே கேட்கும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை அதே சுற்று வேகத்துக்கு முடுக்கிப் பாருங்கள். அப்போதும் அதே அதிர்வு வந்தால், இன்ஜினையோ அதைத் தாங்கும் மவுன்டிங்கையோதான் பார்க்க வேண்டும்.

பேலன்சிங் செய்தும் உதறல் தீராத வண்டிகள் உண்டு. சாதாரண பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுழற்றுகிறது. சாலையிலோ அது வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. டயரின் ஒரு பகுதி மட்டும் விறைப்பாக இருந்தால், பாரம் ஏறும்போதுதான் அது வெளிப்படும். இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் இடம் மாற்றிப் போட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங்கில் இருந்த நடுக்கம் இருக்கைக்குப் போய்விட்டால், குற்றவாளி முன்னாலிருந்து பின்னால் போன சக்கரங்களில் ஒன்றுதான்.

திடீரென்று தோன்றி, வரவரக் கூடும் அதிர்வை மட்டும் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது. வீல் நட் தளர்ந்திருக்கலாம்; டயருக்குள் இருக்கும் எஃகு இழை அடுக்கு பிரிந்திருக்கலாம். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், வேகத்தை மெல்லக் குறைத்து ஓரம் கட்டுங்கள். நட்டுகளைச் சரிபாருங்கள். டயரில் எங்காவது புடைப்பு தெரிந்தால், ஸ்டெப்னியை மாட்டாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.