எலிக்கு வைத்த மருந்தும் கூகையின் சாவும்

லிங்கி ஆற்றை ஒட்டிய தோட்டங்களில் அன்று பால்மரம் நின்ற மண்ணில் இன்று செம்பனை நிற்கிறது. இரவில் அங்கே கிறீச்சென்று ஓர் அலறல் கேட்டால், 'கெட்ட சகுனம்' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அலறுவது கூகை. இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட ஆந்தை இனம். அது வருவது எலி பிடிக்கத்தான்.

காட்டை அழித்து ஒரே பயிரை நட்டால், அதைத் தின்னும் உயிர் பெருகும். செம்பனைப் பழம் எலிக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் விருந்து. எலியைக் கட்டுப்படுத்தாத தோட்டத்தில் எண்ணெய் விளைச்சலில் சுமார் 5 விழுக்காடு வரை இழப்பு ஏற்படலாம்.

செம்பனை சூரிய ஒளியைப் பிடித்துப் பழத்தில் எண்ணெயாகச் சேர்க்கிறது. அந்த ஆற்றல் பழத்திலிருந்து எலிக்கும், எலியிலிருந்து கூகைக்கும் போகிறது. ஒவ்வொரு படியிலும் சுமார் பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குச் சேரும் என்பது பாடநூல் கணக்கு. எலி, கூகை போன்ற வெப்ப இரத்த உயிர்களில் அதைவிடவும் குறைவு. உண்டதில் பெரும்பகுதி உடற்சூட்டுக்கே செலவாகிவிடுகிறது. அதனால்தான் ஒரு கூகை இணைக்கும் அதன் குஞ்சுகளுக்கும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகள் தேவைப்படுகின்றன. தோட்டத்துக்கு இது பெரிய இலாபம். ஆனால் கூகை கூடு வைக்கப் பொந்து வேண்டும். செம்பனையில் பொந்து கிடையாது. ஆகவே பல தோட்டங்களில் கம்பம் நட்டு அதன்மேல் கூண்டுப்பெட்டி வைக்கிறார்கள்.

சிக்கல் எலி மருந்தில் இருக்கிறது. ஆற்றல் படிக்குப் படி குறையும்; சில நஞ்சுகள் அப்படிக் குறைவதில்லை. வார்ஃபரின், புரோடிஃபாகூம் இரண்டுமே இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. வார்ஃபரின் உடலைவிட்டு விரைவில் வெளியேறும். புரோடிஃபாகூம் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலி கூகைக்கு எளிதில் அகப்படும். அப்படிப் பல எலிகளைத் தின்னும் கூகையின் ஈரலில் நஞ்சு சேர்ந்துகொண்டே போகும்.

இது வெறும் அச்சமல்ல. 1980களின் தொடக்கத்தில் மலேசியச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வார்ஃபரினை விட்டுப் புரோடிஃபாகூம் உள்ளிட்ட மருந்துகளுக்கு மாறினார்கள். அதன்பின் 40 ஆக இருந்த கூகைகள் 2 ஆகச் சரிந்ததை டக்கெட் என்ற ஆய்வாளர் 1984இல் பதிவு செய்தார்.

எலி மீண்டும் பெருகிவிடும். கூகை அவ்வளவு விரைவாகத் திரும்பாது. கூகை இல்லாத தோட்டத்தில் எலி கூடும், மருந்துச் செலவும் கூடும்.

ஆகவே கூண்டுப்பெட்டி வைத்த இடத்தில் ஈரலில் தங்கும் மருந்தைத் தவிர்ப்பது நல்லது. குலைகளில் புதிய கடித்தடம் எவ்வளவு என்று பார்த்து, தேவைப்பட்டால் மட்டுமே மருந்து வைக்கலாம். செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைக்க வேண்டும். வீட்டுப் புறக்கடையில் எலி மருந்து வைப்போருக்கும் இது பொருந்தும். அங்கே செத்துக் கிடக்கும் எலியைப் பூனையும் தின்னும்.