ஸ்பான்சர் கிடைக்க ‘புரோ’ ஆக வேண்டியதில்லை

கெடாவில் கோல்ஃப் திடலும் தோட்டமும் அக்கம்பக்கம்தான். பீடோங்கில் உள்ள கோல்ஃப் கிளப் ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. சுங்கைப் பட்டாணியில் சிந்தா சாயாங் கோல்ஃப் கிளப் இருக்கிறது. மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் எம். ராமையா, பி. குணசேகரன் என்று தமிழர்கள் பெயர் எடுத்திருக்கிறார்கள். ஆகவே, நன்றாக ஆடும் பிள்ளையைப் பார்த்து “இவனை எப்போது புரோ ஆக்கப்போகிறீர்கள்?” என்று அக்கம்பக்கத்தார் கேட்பதில் வியப்பில்லை. பெற்றோர் அவசரப்படுவதுதான் கவலை தருகிறது.

அந்த அவசரத்துக்குப் பெரும்பாலும் பணமே காரணம். மட்டை, காலணி, பயிற்சிக் கட்டணம், போட்டிக்குப் போக்குவரத்து என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஸ்பான்சர் வேண்டுமானால் தொழில்முறைக்கு மாறியே ஆகவேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது பழைய கதை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அமெச்சூர் விதிகளின்படி, அமெச்சூராக, அதாவது தொழில்முறைக்கு மாறாமல், இருந்துகொண்டே ஸ்பான்சரிடம் பணம் வாங்கலாம், சட்டையில் நிறுவனத்தின் பெயரைப் போடலாம், விளம்பரத்திலும் நடிக்கலாம். மட்டைப்பை சுமக்கும் கேடி வேலை பார்த்துக் கூலி வாங்கினாலும் அமெச்சூர் தகுதி போகாது.

தகுதி போவது வேறு இடங்களில். வார இறுதிப் போட்டி முடிந்து கிளப் மண்டபத்தில் பரிசு மேசையை நினைத்துப் பாருங்கள்: ஒரு கோல்ஃப் பை, ஒரு தொலைக்காட்சி, பக்கத்தில் சில பண உறைகள். ஹேண்டிகேப் (திறமைக்கேற்பத் தரும் சலுகை அடிகள்) கழித்துக் கணக்கிடும் போட்டியென்றால் அந்த உறையைத் தொடவே கூடாது. உள்ளே ஐம்பது வெள்ளி இருந்தாலும் விதிமீறல்தான். ஹேண்டிகேப் இல்லாத போட்டியில் பணப்பரிசு வாங்கலாம், ஆனால் 1,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டக்கூடாது. பொருளாகத் தரும் பரிசுக்கும் அதே வரம்புதான். காசு வாங்கிக்கொண்டு தனியாளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதும், தொழில்முறை ஆட்டக்காரர் என்று பதிந்து போட்டியில் இறங்குவதும் தகுதியைப் பறிக்கும். தெரியாமல் நடந்துவிட்டால் மறைக்க வேண்டாம். மலேசிய கோல்ஃப் சங்கத்திடம் மீட்பு விண்ணப்பம் கொடுக்கலாம். காத்திருப்புக் காலம் முடிந்தபின் தகுதி திரும்பக் கிடைக்க வழியுண்டு.

திறமை இருந்தாலே போதும் என்று நம்புகிறவர்கள் ஜஸ்டின் ரோஸின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1998 பிரிட்டிஷ் ஓப்பனில் 17 வயது அமெச்சூராக நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். உடனே தொழில்முறைக்கு மாறினார். அதன்பின் தொடர்ந்து 21 போட்டிகளில் ‘கட்’ தாண்டவில்லை. நான்கு நாள் போட்டியில் பொதுவாக இரண்டாம் நாள் முடிவில் இந்தக் ‘கட்’டைத் தாண்டாத பாதிப்பேருக்கு மேல் வெளியேறிவிடுவார்கள். அவர்களுக்குப் பரிசுப் பங்கு கிடைப்பது அரிது. நுழைவுக் கட்டணம், விமானம், விடுதி, கேடி கூலி எல்லாம் கைக்காசு. ரோஸ் மீண்டு வந்து 2013இல் அமெரிக்க ஓப்பனை வென்றார். ஆனால் 21 தோல்விகளுக்கான செலவை நம் தோட்டத்துக் குடும்பம் ஒன்று தாங்குமா?

அடுத்தது ஒப்பந்தம். “பரிசுப் பணத்தில் பாதி எங்களுக்கு, விலகினால் ஐந்து ஆண்டு வேறு எவருக்காகவும் ஆடக்கூடாது” என்று ஏஜெண்டு நீட்டும் தாளில் இருந்தால் பயந்துவிடாதீர்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. மலேசியாவில் 18 வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லாது. அதனால்தான் பெற்றோரிடம் கையெழுத்து கேட்பார்கள். அப்படிக் கேட்டால், பிள்ளை தோற்றால் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். என்னைக் கேட்டால், அந்த ஒரு வரி இருந்தாலே கையெழுத்து போடக்கூடாது.

தொழில்முறைக்கு மாறியபின் பிள்ளை சுயதொழில் செய்பவர். பரிசுப் பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும், பயணச் செலவு ரசீதுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். முதலாளி கட்டும் இபிஎப் (ஊழியர் சேமநிதி) இனி இல்லை. இபிஎப்பின் ஐ-சாரான் திட்டத்தில் தாமே கட்டினால் அரசும் ஒரு பங்கு சேர்க்கும். முதுகோ மணிக்கட்டோ பழுதானால் வருமானம் நின்றுவிடும் என்பதால், சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் பாதுகாப்பில் சேர முடியுமா என்று பக்கத்து அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கட்டணம் வாங்கிய பயிற்சி மையம் சொன்னபடி சொல்லித்தரவில்லையா? மூன்று ஆண்டுகளுக்குள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக்கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஸ்பான்சரோ ஏஜெண்டோ தரவேண்டிய பாக்கி 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு போதும். அதற்கு மேலென்றால், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். ஒப்பந்தத்தின் நகல், வாட்ஸ்அப் செய்திகள், வங்கி ரசீது மூன்றையும் கையோடு எடுத்துப்போங்கள்.