கீழூர் வாக்கெடுப்பு – ஒரு நோக்கு

சென்ற பருவத்தில் எம் துறையின் இலக்கிய மன்றத்தில் சொற்போர் ஒன்று நடைபெற்றது. 'ஒரு நிலப்பகுதியின் விடுதலையைப் பொது வாக்கெடுப்பால் முடிவு செய்வது முறையா?' என்பது பொருள். அணிக்கு மூவராக மாணவ மாணவியர் அறுவர் பேசினர். ஸ்காட்லாந்தும் கிழக்குத் திமோரும் மேடைக்கு வந்து போயின. கைதட்டலுக்குக் குறைவில்லை. நடுவராக அமர்ந்திருந்த நான் தீர்ப்புரைக்கத் தொடங்குமுன் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். சிவகாசிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். பெற்றோர் இருவரும் பட்டாசு வேலைக்குச் செல்பவர்கள். "ஐயா, எங்கள் ஊர் ஆலை ஒன்றில் வார விடுமுறை வெள்ளியா, ஞாயிறா என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னார்கள். கூலியைக் கூட்டலாமா என்று கேட்டு ஒருநாளும் கை தூக்கச் சொன்னதில்லை. வாக்கெடுப்பில் கேள்வியை எழுதுகிறவர் யார் என்று இருவர் அணியும் பேசவில்லையே?" என்றார். தீர்ப்பை ஒத்திவைத்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இம்மலரில் எழுதுகிறேன்.

பொதுத் தேர்தலும் பொது வாக்கெடுப்பும் ஒன்றல்ல. தேர்தலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். ஐந்தாண்டு கழித்து மாற்றிக்கொள்ளலாம். சிவகாசி அச்சகங்களில் இரவுபகலாகச் சுவரொட்டியும் கொடியும் தயாராவதை நம் பகுதி மக்கள் கண்டு பழகியவர்கள். வாக்கெடுப்பிலோ ஆள் இல்லை. ஒரு கேள்விதான் உண்டு. அதற்கு ஒரு தலைமுறை அளிக்கும் விடை அடுத்தடுத்த தலைமுறைகளையும் கட்டுப்படுத்தும். ஆகவே கேள்வியின் சொல்லமைப்பு சிறிய செய்தியன்று. ஸ்காட்லாந்தில் முதலில் வரையப்பட்ட கேள்வி, 'ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?' என்னும் பொருள்பட இருந்தது. 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்பது 'ஆம்' என்னும் விடைக்கு மெல்லத் தள்ளும் சொல் என்று தேர்தல் ஆணையம் 2013இல் கருத்துரைத்தது, அச்சொல் நீக்கப்பட்டது. 2012 அக்டோபரில் உடன்பாடு, 2014 செப்டம்பர் 18இல் வாக்குப்பதிவு. இடையில் ஏறத்தாழ ஈராண்டு வாதம் நடந்தது. நூற்றுக்கு 55 பேர் பிரிய வேண்டாம் என்றனர்.

நம் துணைக்கண்டத்தில் அவ்வளவு அவகாசம் வாய்க்கவில்லை. 1947 ஜூலையில் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் நடந்த வாக்கெடுப்பில் இந்தியாவா, பாகிஸ்தானா என்னும் இரண்டே வழிகள் தரப்பட்டன. தனிப் பக்தூனிஸ்தான் என்னும் மூன்றாவது வழியும் வேண்டும் என்று கான் அப்துல் கபார் கான் அணியினர் ஜூன் மாதம் பன்னு நகரில் தீர்மானம் செய்திருந்தனர். அது வாக்குச்சீட்டில் ஏறவில்லை. அவர்கள் வாக்கெடுப்பைப் புறக்கணித்தனர். பாகிஸ்தானுக்கு 2,89,244 வாக்குகள், இந்தியாவுக்கு 2,874. வராதவர்களின் கருத்தை எந்தக் கணக்கிலும் காண முடியாது. சிங்கப்பூரில் 1962 செப்டம்பர் 1இல் நடந்தது இன்னும் நுட்பமானது. மூன்று வழிகள் தரப்பட்டன. மூன்றும் மலேசியாவோடு இணைவதற்கான வழிகளே. வேண்டாம் என்பதற்குக் கட்டமே இல்லை. வேண்டாதவர் வெற்றுச்சீட்டுப் போடுக என்று எதிரணி சொல்ல, நால்வரில் ஒருவர் அளவுக்கு அவ்வாறே போட்டனர்.

இனி நமக்கு அண்மையிலுள்ள, தமிழ் மண்ணிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் அடைக்கலம் புகுந்திருந்த புதுச்சேரி, ஆங்கிலேயர் வெளியேறிய பின்னும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தது. காரைக்கால், மாகி, ஏனாம், வங்கத்துச் சந்திரநாகூர் ஆகியவையும் அவ்வாறே. மக்கள் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் பிறநாட்டுக்குக் கொடுத்தல் செல்லாது என்பது 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு. ஆதலால் மக்களைக் கேட்டே முடிவு செய்வது என்று 1948 ஜூனில் இரு நாடுகளும் உடன்பட்டன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19இல் கேட்டனர். இந்தியாவுக்கு 7,473, பிரெஞ்சு ஒன்றியத்துக்கு 114. கங்கைக்கரைக் கதை அத்துடன் முடிந்தது.

தென்னாட்டுக் கதை அவ்வளவு எளிதன்று. புதுச்சேரிக்கு 1949 டிசம்பர் 11 என்று நாள் குறித்தனர். வாக்களிக்கும் சூழல் நேர்மையானதாக இல்லை என்ற புகார்கள் எழுந்தன. தெருக்களில் அடிதடியும் நடந்தது. அந்த நாள் வந்து, வாக்கெடுப்பு நடவாமலே போயிற்று.

ஆனால் வாதம் நிற்கவில்லை. இணைப்பை வேண்டியோர் வெறும் உணர்ச்சியால் பேசவில்லை. புதுச்சேரி ஒரே துண்டு நிலமன்று; தென்னார்க்காட்டு ஊர்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் பல துண்டுகள். பெண் கொடுத்த ஊர் ஒரு நாடு, எடுத்த ஊர் வேறொரு நாடு. 1936 ஜூலை 30இல் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக்கொல்லப்பட்ட நினைவும் ஆறாதிருந்தது. மறுபக்கத்தாரையும் துரோகிகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் நியாயமாகாது. நம் பாடநூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் தள்ளிவிடுகின்றன. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர், பிரெஞ்சு மொழி கற்று நீதிமன்றத்திலும் பள்ளியிலும் வேலை பார்த்தவர், சைகோன் நகரில் கடையும் உத்தியோகமும் கொண்டிருந்தவர் ஆகியோருக்கு இது சோற்றுக் கேள்வி. காரைக்கால் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தோசீனத்துடன் கொண்ட வணிகத் தொடர்பு சிறிதன்று. கொடி மாறினால் கடல்வழியும் மூடிவிடுமோ என்னும் அச்சம் அவ்வீடுகளில் இருந்ததில் வியப்பென்ன?

1954இல் காற்று திசை மாறியது. அதுவரை பிரெஞ்சுத் தரப்பின் தூணாக விளங்கிய எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் வந்தார். மார்ச் 18இல் புதுச்சேரியும் சுற்றியிருந்த கொம்யூன்களும் வாக்கெடுப்பின்றியே உடனே இணைக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தன. மக்களைக் கேளுங்கள் என்று தொடங்கிய இயக்கம், கேட்க வேண்டியதில்லை என்னும் இடத்துக்கு வந்து சேர்ந்ததை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்திய அரசு எல்லைக் கட்டுப்பாட்டை இறுக்கியது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாகியும் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயின. இவற்றுக்கிடையே மே மாதம் வியத்நாமில் தியன் பியன் பூக் கோட்டை வீழ்ந்தது. சைகோனே உறுதியில்லாதபோது புதுச்சேரியைப் பிடித்து வைத்திருந்து என்ன பயன் என்று பாரிசிலும் எண்ணினர். அப்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் நம் விருதுநகர்க் காமராசர் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். அவ்வாண்டு ஏப்ரலில்தான் அவர் பதவியேற்றிருந்தார்.

அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு குறுக்கே நின்றது. மக்களைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. கேட்கவோ நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. அதற்குக் கண்ட வழிதான் கீழூர். மக்கள் முன்னரே தேர்ந்தெடுத்திருந்த சட்டமன்ற உறுப்பினர்களையும் நகராட்சி உறுப்பினர்களையும் மக்களின் இடத்தில் வைத்துக் கேட்பது என்று முடிவாயிற்று. 1954 அக்டோபர் 18இல் புதுச்சேரிக்கு மேற்கேயுள்ள கீழூர்ச் சிற்றூரில் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். எட்டுப் பேர் மாறாக வாக்களித்தனர். 21ஆம் நாள் உடன்படிக்கை. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது.

ஏறத்தாழ மூன்று லட்சம் மக்களின் நாடு எது என்பதை 178 பேர் ஒரே நாளில் முடிவு செய்தனர். இதனால் முடிவு தவறென்று நான் சொல்லவில்லை. மக்களை நேரே கேட்டிருந்தாலும் விடை பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆயினும் சந்திரநாகூரில் மாற்றுக் கருத்துடையோர் 114 பேர் என்று எண்ணிச் சொல்ல முடிகிறது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அவர்கள் ஆயிரமா, பத்தாயிரமா என்பது எவருக்கும் தெரியாது. தோற்றவர் எத்தனை பேர் என்று தெரிவதும் வாக்கெடுப்பின் பயன்களுள் ஒன்று. வென்றவருக்கு அது ஓர் அடக்கத்தைக் கற்பிக்கும்.

கேட்கப்படாத அக்கேள்வி வேறு வடிவில் வீடுதோறும் வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962இல்தான் ஏற்றது. ஆகஸ்டு 16 முதல் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரிப் பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். அங்கே பிறந்து வேற்றுநாட்டில் வாழ்வோர்க்கோ விதி தலைகீழ்: எழுதித் தராவிட்டால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிப்பர். ஆகவே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் காரைக்காலில் இருந்தவர் பேசாதிருந்தால் இந்தியர்; சைகோனில் இருந்தவர் பேசாதிருந்தால் பிரெஞ்சுக்காரர். ஒரே மௌனத்துக்கு இரு பொருள்!

மௌனம் சம்மதம் என்பதை நாமும் அறிவோம். நிகாஹ் மஜ்லிஸுக்கு முன் மணப்பெண்ணின் மௌனத்தை இசைவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் அங்கும் முதலில் அவளிடம் போய்க் கேட்டாக வேண்டும். இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு என்று விளங்கச் சொல்ல வேண்டும். கேட்ட பின் வரும் மௌனத்துக்கே பொருள் உண்டு. கேளாமலே கொள்ளும் மௌனம் இசைவாகாது என்பதை நம் பெரியவர்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களிடமே நான் கற்றது அது.

அவ்வொப்பந்தத்தில் இன்னொரு வரியும் உண்டு. புதுச்சேரியின் நிர்வாக நிலையில் பின்னர் மாற்றம் செய்வதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும் என்பது அது. 1979இல் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு டெல்லியில் எழுந்தபோது மக்கள் தெருவில் இறங்கினர், பேச்சு கைவிடப்பட்டது. அன்று இந்தியாவோடு இணைய விரும்பிய அதே மக்கள்தாம், தமிழ்நாட்டோடு இணைய மறுத்தவர்களும். கேள்வி மாறினால் விடையும் மாறும் என்பதற்கு, எழுந்து நின்ற அம்மாணவருக்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

ஆறு மாதக் கெடு 1963 பிப்ரவரியில் முடிந்தது. அதற்குள் எழுதித் தந்தவர்கள் சில ஆயிரம் பேர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தல் வரும்போது புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வரிசையில் நின்று வாக்களிக்கின்றனர்.