ஏரிக்கரையில் சம்பந்திகள்

பிழைப்பை நாடி மராட்டிய மண்ணுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்பொழுது மூன்றாம் தலைமுறை மணப்பருவம் எய்தியிருக்கிறது. இங்கே பிறந்து, இங்குள்ள பள்ளிகளில் பயின்று, இங்கேயே பணியாற்றும் பிள்ளைகள் தம் வாழ்க்கைத் துணையையும் இங்கேயே தேடிக்கொள்வதில் வியப்பில்லை. அத்தகைய மணம் கூடுமா, கூடாதா என்று வாதிடுவது எங்கள் நோக்கமன்று. வெவ்வேறு மொழி பேசும் இரு சுற்றங்கள் முதன்முதலாக ஒன்றையொன்று எவ்வாறு காண்பது நன்று என்பதே நாங்கள் சொல்ல வந்தது.

பெண் பார்க்கும் நாளில் நம் வீடுகளில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் செய்கிறோம். மராட்டியர் வெங்காயம் தாளித்த அவலைச் செய்கின்றனர். 'காந்தே போஹே' என்னும் அப்பண்டத்தின் பெயரே அவர்களிடையே பெண் பார்க்கும் நிகழ்ச்சிக்கும் பெயராகிவிட்டது. பண்டம் வேறாயினும் முறை ஒன்றுதான். ஒரு சாரார் அமர்ந்து பார்ப்பர். ஒருத்தி தலைகுனிந்து பார்க்கப்படுவாள். எல்லாரும் நல்லாடை உடுத்தி நல்ல சொற்களையே பேசுவர். மொழி அறியாத முதியோர் சுவரோரம் அமர்ந்து புன்னகை செய்துவிட்டுத் திரும்புவர். அந்த ஒரு மணி நேரத்தில் எவரும் எவரையும் அறிந்துகொள்வதில்லை.

எங்கள் மகள் தன்னுடன் பணிபுரியும் இளைஞர் ஒருவரை மணக்க விரும்பினாள். அவர் சிந்துதுர்க் மாவட்டத்திலிருந்து புனேயில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். பெற்றோராகிய எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆயினும் அவளை வளர்த்து ஆளாக்கியவர் தஞ்சையில் பிறந்த பாட்டியார். அவர் வாய்திறந்து "சரி" என்று சொல்லாமல் எதுவும் வேண்டாம் என்று மகள் உறுதியாக இருந்தாள். பாட்டியாரோ தமிழன்றி வேறு மொழி அறியார். "என் காலத்துக்குப் பிறகு இவள் பிள்ளைகள் என் பெயரையாவது சரியாகச் சொல்வார்களா?" என்பதே அவர் கேட்ட கேள்வி. அதற்கு எங்களிடம் விடை இல்லை.

இந்நிலையில் இளைஞரின் வீட்டாரிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஆண்டுதோறும் ஆசுவின மாதத்து முழுநிலவு நாளில் அவர்கள் சுற்றத்தார் யாவரும் பவனா ஏரிக்கரையில் கூடாரமடித்து ஓரிரவு தங்குவார்களாம். அந்நாளைக் கோஜாகிரி பௌர்ணிமை என்பர். "விழித்திருப்பவர் யார்?" என்று கேட்டுக்கொண்டு திருமகள் அன்றிரவு உலாவருவாள் என்பது நம்பிக்கை. ஆதலால் உறவினர் ஒன்றுகூடிக் கண்விழித்து, குங்குமப்பூவும் ஏலமும் பருப்புவகைகளும் இட்டுக் காய்ச்சிய பாலை நிலவொளியில் வைத்துப் பருகுவர்.

முதலில் நாங்கள் தயங்கினோம். மணம் உறுதியாகாத நிலையில் பெண்ணை அழைத்துக்கொண்டு வெளியில் இராத் தங்குவதா என்று எண்ணினோம். தயக்கத்தை நீக்கியவர் பாட்டியாரே. "பதினெட்டாம் பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகவில்லையா? நானும் வருகிறேன்" என்றார். அவர் புலால் உண்ணாதவர் என்பதை முன்னரே தெரிவித்தோம். அன்று எவருக்குமே புலால் இல்லை என்று மறுமொழி வந்தது. பெண்களுக்குத் தனிக் கூடாரங்கள் என்றும் சொல்லி அனுப்பினர். புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

பவனா ஏரி இயற்கையாக அமைந்ததன்று. பவனா ஆற்றை அணையிட்டுத் தேக்கியதால் உண்டானது. பிம்பரி சிஞ்ச்வட் நகரத்தார் அருந்தும் நீரில் பெரும்பகுதி இதுவே. சுற்றிலும் லோஹகட், விசாபூர், துங், திகோனா என்னும் மலைக்கோட்டைகள் நிற்கின்றன. மழை ஓய்ந்த காலமாகையால் மலைகள் பசுமையாக இருந்தன.

அங்கே முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தனர். முறைப்பெயர்களிலேயே எங்கள் முதல் குழப்பம் தொடங்கிற்று. இருபத்தைந்து வயது இளைஞனை எல்லாரும் 'தாதா' என்றழைத்தனர். பாட்டியார் திகைத்துப் போனார். மராத்தியில் தாதா என்றால் அண்ணன். 'தாயீ' என்றால் அக்காள். மனைவியர் கணவரைப் பெயர் சொல்லாமல் 'அஹோ' என்று விளித்தனர். அது நம் 'என்னங்க' தான் என்று மகள் விளக்கினாள். மாமாவும் மாமியும் அவர்களுக்கும் மாமா, மாமியே. தந்தையின் உடன்பிறந்தாளை 'ஆத்யா' என்றனர். அச்சொல்லுக்கு மட்டும் பாட்டியார் விளக்கம் கேட்கவில்லை.

அந்தக் கரையில் எவருக்கும் சும்மா அமர்ந்திருக்க இடமில்லை. ஆடவர் கூடாரக் கயிறு இழுத்தனர். சிறுவர் சுள்ளி பொறுக்கினர். எங்கள் மகளை 'ஆஜி' என்று எல்லாரும் அழைத்த மூதாட்டியார், அவளை எதுவும் வினவாமல் வெங்காயக் கூடையை அவள்முன் நகர்த்தினார். இளைஞரின் தந்தையார் புகை கண்ணைக் கரிக்க அடுப்பு ஊதியதையும், இளைஞர் பாத்திரம் கழுவியதையும் நாங்கள் கண்டோம். கூடத்து நாற்காலியில் அமர்ந்திருந்தால் இவற்றைக் கண்டிருக்க மாட்டோம்.

அடுப்பருகே ஆஜி அரிசிமாவைக் கொதிநீரில் கிளறிப் பிசைந்துகொண்டிருந்தார். கொங்கணத்தார் அம்மாவைக் கையால் தட்டிப் பாக்ரி சுடுவர். பாட்டியார் சிறிது நேரம் உற்றுநோக்கினார். "இது கொழுக்கட்டை மாவல்லவா!" என்று சொல்லி, கேட்காமலே அருகமர்ந்து பிசையத் தொடங்கினார். ஆஜி கையால் தட்டிக் காட்டினார். பாட்டியார் அவ்வாறே தட்டினார். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை. எனினும் முப்பது பேருக்கான பாக்ரி ஆயிற்று. கடலைமாவில் செய்த பிட்லாவோடு அதனை உண்டோம். எங்கள் புளியோதரைப் பாத்திரம் அதற்கு முன்பே காலியாகிவிட்டது.

நிலவு உச்சிக்கு ஏறிய வேளையில் பால் வந்தது. அப்பொழுது ஆஜி எங்கள் மகள் வாயிலாகப் பாட்டியாரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் பேத்திக்கு அத்தை மகன் எவனும் இல்லையா?" மகள் நாணத்தோடு மொழிபெயர்த்தாள். பாட்டியார் உரக்கச் சிரித்தார். ஏனெனில், மகள் தன் விருப்பத்தைச் சொன்ன நாளில் அவர் எங்களிடம் கேட்ட முதற்கேள்வியும் அதுவே. மராட்டியரில் பல சாதியாரிடையே தாய்மாமன் மகளை மணக்கும் முறை உண்டு. புனே டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய மானிடவியல் அறிஞர் இராவதி கார்வே 1953-ல் வெளியிட்ட இந்திய உறவுமுறை பற்றிய நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். வடநாட்டு முறையும் தென்னாட்டு முறையும் கலக்கும் நிலமாக மராட்டியம் விளங்குவதை அவர் எடுத்துக்காட்டினார்.

நம் ஊர்த் தொடர்பும் சிறிதன்று. 1676 முதல் 1855 வரை தஞ்சையை மராட்டிய மன்னர் ஆண்டனர். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் 1803-ல் பொறிக்கப்பட்ட நெடிய மராத்திக் கல்வெட்டு இன்றும் உள்ளது. அதனைச் சிறு வயதில் பார்த்ததாகப் பாட்டியார் சொன்னபோது, அங்கிருந்த இளையோர் பலருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது.

இனிமை மட்டுமே நிகழ்ந்தது என்று கூறினால் அது உண்மையாகாது. இளைஞரின் தாயாருக்குத் தமக்கையார் ஒருவர் நேராகவே கேட்டார்: "பிறக்கும் குழந்தைகள் எம்மொழி பேசும்?" தீயைச் சுற்றி அமர்ந்திருந்தோர் பேச்சு நின்றது. எங்கள் மகள் பதறவில்லை. "அப்பாவோடு மராத்தி, என்னோடு தமிழ். ஒன்றுக்காக மற்றொன்றை நான் விடமாட்டேன்" என்றாள். அத்தமக்கையார் முகம் தெளியவில்லை. அப்பொழுது இளைஞரின் தந்தையார் மெல்லச் சொன்னார்: "ஆஜி பேசும் மால்வணிப் பேச்சு எங்கள் வீட்டில் என்னோடு நின்றுவிட்டது. என் பிள்ளைகளுக்கு அது புரியும், பேச வராது. அந்தக் குறை என்னவென்று எங்களுக்குத் தெரியும்." மகள் அதனைத் தமிழில் சொன்னாள். பாட்டியார் நெடுநேரம் ஆஜியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை தேநீர் அருந்தும்போது, "தை மாதத்தில் நாள் பார்க்கலாம்" என்றார்.

இத்தகைய அழைப்பு வரும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். உணவு, உறக்கம், உடல்நலம் பற்றிய தேவைகளை முன்னரே வெளிப்படையாகச் சொல்லிவிடுக. மறைத்து வைத்து அங்கே வருந்துவது இரு சாரார்க்கும் துன்பம். அவர்கள் மொழியில் பத்து முறைப்பெயர்களைக் கற்றுச் செல்க. நம் வீட்டுப் பண்டம் ஒன்றைக் கொண்டு செல்க. மொழி அறியாத முதியோரை வீட்டில் விட்டுச் செல்லாதீர். அவர் அருகில் மொழிபெயர்ப்பார் ஒருவர் இருக்கட்டும். நீர்த்தேக்கத்தின் கரை எதிர்பாராத இடத்தில் ஆழமாகும். இருட்டிய பின் எவரும் நீரில் இறங்க வேண்டா. குளிருக்கென்று கரியடுப்பைக் கூடாரத்துள் வைக்கவே கூடாது. அதன் நச்சுக்காற்று உறங்குவோர் உயிரைக் கவரும்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. ஓரிரவு கூடி உண்டதனாலேயே மணம் உறுதியாயிற்று என்று இரு வீட்டாரும் கொள்ளலாகாது. திரும்பி வந்தபின் "வேண்டா" என்று சொல்லும் உரிமை மணமக்கள் இருவருக்கும் உண்டென்பதை முன்பே பேசி வைத்தல் நன்று. அவ்வுரிமை இருந்தமையாலேயே எங்கள் மகள் அன்று அச்சமின்றி விடை கூறினாள். நாங்களும் அச்சமின்றிக் கேட்டோம். வசதியுள்ள குடும்பங்கள் கூடத்தை விட்டு நீர்க்கரைக்கு ஒருமுறை சென்று பார்க்குமாக. ஏரி கிட்டாவிடில், இரு வீட்டாரும் ஒன்றாகச் சமைக்கும் ஒரு நாளும் போதும்.