எரு இட்டால் விஷம் போகுமா?

நம் சங்கத்துக் குடும்பங்களுள் நிலம் உடையவை மிகச் சிலவே. இருப்பினும், குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் பத்தடிக்கு எட்டடி இடம் கிடைத்துவிட்டால் ஒரு முருங்கைக் கொம்பு, ஓர் அவரைப் பந்தல், நான்கு பாத்தி கீரை என்று வைத்துவிடுவது நம்மவர் வழக்கம். ஜபல்பூரிலும் அவ்வாறே செய்து வருகிறோம்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் நம் வீட்டுப் பின்புறம் பள்ளமாக இருந்தமையால், ஊருக்கு வெளியே கோதுமை அறுத்த வயலிலிருந்து ஒரு டிராலி கரிய மண் தருவித்து நிரப்பினோம். மண் பார்ப்பதற்கு வெண்ணெய் போன்றிருந்தது. மழை விழுந்ததும் மக்காச்சோளமும் கீரையும் விதைத்தோம். சோளம் முளைத்தது, ஒரு சாண் உயர்ந்தது, அத்துடன் நின்றது. இலை வெளிறி, நரம்பு ஊதா நிறம் கொண்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாக இருந்தது. கீரையோ முளைத்த சுவடே தெரியவில்லை. ஆனால் பழைய மண் இருந்த மூலையில் தவறி விழுந்த நான்கு விதைகள் இடுப்பளவு வளர்ந்து நின்றன. மண் கொணர்ந்த குடியானவரை விசாரித்ததில், மார்கழியில் கோதுமைக்குக் களைக்கொல்லி தெளித்ததாகவும், மருந்தின் பெயர் சல்போசல்பியூரான் என்றும் சொன்னார். விடை அதிலேயே இருந்தது.

இம்மருந்து வந்த வரலாறு சிறிது அறியத்தக்கது. கோதுமைப் பயிரைப் போலவே தோன்றும் ஒரு புல் வட இந்திய வயல்களில் உண்டு. பஞ்சாபியர் அதைக் குல்லி டண்டா என்பர். அதை ஒழிக்க ஐசோபுரோடியூரான் என்னும் மருந்தைப் பல ஆண்டு இடைவிடாது தெளித்தனர். 1990-களின் தொடக்கத்தில் அரியானாவில் அப்புல் அம்மருந்துக்கு அஞ்சாததாயிற்று. அதன் பின்னர் வந்தவற்றுள் ஒன்றே சல்போசல்பியூரான். ஒரு ஹெக்டேருக்கு இடவேண்டிய அளவு 25 கிராம். அதாவது ஏக்கருக்குப் பத்துக் கிராம். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் ஒரு கிண்ணத்து வெந்தயம் அதைவிட அதிகம் இருக்கும்! அந்தப் பத்துக் கிராமின் மிச்சம், ஆறு மாதம் கழித்தும் மக்காச்சோளத்தை நிறுத்தவல்லது. அடுத்த போகத்துக்குச் சோளமும் மக்காச்சோளமும் விதைக்கலாகாது என்று வேளாண் துறையினர் எச்சரிப்பதும் இதனாலேயே. செடிகள் சில அமினோ அமிலங்களைத் தாமே ஆக்கிக்கொள்ள உதவும் ஒரு நொதியை இம்மருந்து தடுத்துவிடுகிறது. மனிதருக்கும் மாட்டுக்கும் அந்த நொதி இல்லை. ஆதலின் வீட்டார் அஞ்சவேண்டியதில்லை என்று அறிந்து ஆறுதல் அடைந்தோம். எல்லாக் களைக்கொல்லிக்கும் இவ்வாறு ஆறுதல் கொள்ள முடியாது. பாராகுவாட் என்பது ஒரு வாய் உட்சென்றாலும் உயிர் பிழைப்பது அரிது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் இருக்கிறார், தஞ்சைப் பக்கத்தவர். அவர் வந்து பார்த்து, “தம்பி, நாலு கூடை மாட்டெருவைக் கொட்டுங்கள். எரு எந்த விஷத்தையும் முறித்துவிடும்” என்றார். ஊரில் நம் பெரியோரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறோம். இது முற்றும் மெய்யா என்று படித்தறிய முயன்றதன் விளைவே இக்கட்டுரை. நல்லூழாக, 1989-இல் தோன்றிய தேசியக் களை அறிவியல் ஆராய்ச்சி மையம், இன்று களை ஆராய்ச்சி இயக்ககம் என்னும் பெயருடன் இந்த ஜபல்பூரிலேயே இருக்கிறது. களையைப் பற்றிய பேச்சுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

பெரியவர் சொன்னதில் பாதி மெய். மட்கிய எரு மண்ணில் கரிமப் பொருளைக் கூட்டுகிறது. பெண்டிமெத்தலின் போன்ற மருந்துகள் அக்கரிமப் பொருளில் பிசின்போல் ஒட்டிக்கொள்கின்றன. அட்ரசின் ஓரளவே ஒட்டும். ஒட்டிய மருந்து வேருக்கு எட்டாது. மழைநீருடன் கிணற்றுக்கும் எளிதில் இறங்காது. பயிர் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் பிடிபட்டது வேறு, அழிந்தது வேறு. ஜெர்மனியில் யூலிஹ் ஆராய்ச்சி நிலையத்தில் அட்ரசின் இட்ட மண்ணை 22 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அதன் எச்சம் இன்னும் அங்கே இருக்கக் கண்டு 2009-இல் வெளியிட்டனர். மண்ணுடன் இறுகப் பிணைந்த மருந்தை, அதைத் தின்று அழிக்கவேண்டிய நுண்ணுயிர்களாலும் எட்ட முடிவதில்லை. காவலில் வைத்த கைதிக்குக் காவலே பாதுகாப்பாகவும் ஆகிவிடுவதுபோல.

மெய்யாக அழிப்பவை நுண்ணுயிர்களே. எரு அவற்றுக்கு உணவும் ஈரமும் தந்து பெருகச் செய்வதால் பல மருந்துகள் விரைந்து சிதைகின்றன. இதிலும் ஒரு முடிச்சு உண்டு. அட்ரசினையே உண்டு வாழும் ஒரு பாக்டீரியாவை மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 1995-இல் விவரித்தனர். இவ்வகை உயிர்கள் அட்ரசினை நாடுவது பெரும்பாலும் அதிலுள்ள நைட்ரஜனுக்காக. எருவிலோ யூரியாவிலோ நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்துவிட்டால், கடினமான அட்ரசினை உடைக்கும் வேலையில் அவற்றுக்கு நாட்டம் குறைந்துவிடுகிறது. விருந்துச் சாப்பாடு கிடைத்தவன் பழஞ்சோற்றைத் தேடுவானா?

கிளைபோசேட்டின் கதை இதற்கு வேறானது. அது கரிமப் பொருளைவிட இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேல் பாஸ்பேட் அமரும் இடத்திலேயே அமர்கிறது. கோழி எருவில் பாஸ்பேட் மிகுதி. இடத்துக்கு இருவர் போட்டியிடும்போது கிளைபோசேட் விடுபட்டு நீருடன் நகர வாய்ப்பு உண்டு. அன்றியும், எருவிலிருந்து கரைந்து வரும் நுண்ணிய கரிமப் பொருள் சில மருந்துகளைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு கீழ்மண்ணுக்குக் கொண்டுபோவதும் உண்டு. ஆக, “எரு முறிக்கும்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்கில்லை. எந்த எரு, எந்த மருந்து, எந்த மண் என்று மூன்றையும் கேட்கவேண்டும்.

குடியானவருக்கு இதில் பணநஷ்டமும் இருக்கிறது. கரிமப் பொருள் மிக்க மண்ணில் மருந்து கட்டுண்டுவிடுவதால் களை சாகாது. உமிக்கரி போன்ற கரிகள் இவ்வகையில் மிக வலியவை. களை சாகவில்லை என்று கண்டவர் மறுமுறை தெளிக்கிறார். எச்சத்தைக் குறைக்க இட்ட கரி, எச்சத்தைக் கூட்டுவதற்குக் காரணமாகிவிடுகிறது. வீட்டுத் தோட்டத்தில் மருந்து தெளிக்காத நமக்கு அக்கவலை இல்லை.

நம்மை மிகவும் திடுக்கிடச் செய்தது மற்றொரு செய்தி. எருவே மருந்தைச் சுமந்து வரக்கூடும். அமெரிக்காவில் ஸ்போகேன் நகரத்தின் கம்போஸ்டில் 1999-2000-இல் குளோபைரலிட் என்னும் களைக்கொல்லி காணப்பட்டது. தெளித்த புல்தரையின் புல் கம்போஸ்ட் குழிக்கு வந்ததே காரணம். இங்கிலாந்தில் 2008-இல் வீட்டுத் தோட்டக்காரர் பலரின் அவரையும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சுருண்டன. மேய்ச்சல் நிலத்தில் தெளித்த அமினோபைரலிட், மாட்டின் வயிற்றில் சிதையாமல் சாணத்துடன் வெளிவந்து தோட்டத்தை அடைந்திருந்தது. அவ்வாண்டு ஜூலையில் அம்மருந்தின் அனுமதியையே நிறுத்திவைத்தனர். மாட்டுக்குத் தீங்கு செய்யாமல், புல்லுக்கும் தீங்கு செய்யாமல், அவரையை மட்டும் முடக்கும் பொருள்! சரக்கு அலுவலகத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் உள்ளிருப்பது இன்னதென்று சீட்டு எழுதிப் பழகிய நமக்கு, சீட்டில்லாமல் வீடு தேடி வரும் மூட்டை எரு மூட்டைதான் என்று தோன்றிற்று.

இனி நாம் செய்தது. நான்கு தொட்டி எடுத்தோம். ஒன்றில் பழைய மண். ஒன்றில் டிராலி மண். ஒன்றில் அதே மண்ணுடன் நான்கில் ஒரு பங்கு மட்கிய எரு. ஒன்றில் அதே மண்ணுடன் இரண்டு கைப்பிடி உமிக்கரி. நான்கிலும் மக்காச்சோளம் ஊன்றினோம். மூன்று வாரத்தில் பழைய மண்ணும் உமிக்கரித் தொட்டியும் ஏறக்குறையச் சமமாக நின்றன. எருத் தொட்டி அதற்கு ஒரு சாண் குறைவு. வெறும் டிராலி மண் முன்போலவே குறுகிற்று. பெரியவர் வந்து எருத் தொட்டியைக் காட்டி, “சொன்னேனா இல்லையா?” என்றார். கரித் தொட்டியை அவர் பார்க்கவில்லை, நாமும் காட்டவில்லை.

பாத்தியில் எரு இட்டு, கிளறி, மழைக்காலம் முழுவதும் நனையவிட்டோம். ஈரமும் வெப்பமும் காலமும் சேர்ந்து செய்யும் வேலையை எருவினால் மட்டும் செய்ய முடியாது. ஐப்பசியில் அதே இடத்தில் விதைத்த மக்காச்சோளம் பழுதின்றி வந்தது. அதன் பின்னரே கீரை விதைத்தோம்.

இவ்வாண்டு ஒரு பால்பண்ணையிலிருந்து ஆறு மூட்டை எரு வாங்கியிருக்கிறோம். அதை இன்னும் பாத்தியில் கொட்டவில்லை. பழைய மண்ணில் அந்த எருவைக் கலந்து இரண்டு தொட்டியிலும், கலக்காமல் இரண்டு தொட்டியிலும் அவரை விதை ஊன்றியிருக்கிறோம். கலந்த தொட்டியில் மட்டும் கொழுந்து கிண்ணம்போல் குவிந்து முறுக்கிக்கொண்டால், எரு மூட்டைகள் வந்த வழியே திரும்பும். இன்று பதினாறாம் நாள். நான்கு தொட்டியிலும் இலை விரிந்தே இருக்கிறது. இன்னும் ஐந்து நாள் பார்க்கவேண்டும்.